ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூலா, அமராவதி நகர் சைனிக் ஸ்கூலா? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எது சரிப்படும்

திருமங்கலம்_தாய்மாமன்
அக்கா மகன் 2016 ஆகஸ்ட்ல பிறந்தவன். வர்ற ஜூன்ல அஞ்சாம் வகுப்பு. அரசுப் பள்ளி, தமிழ் வழி. மாமா சி.ஆர்.பி.எஃப்.ல ஹவில்தார். ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல்னு மத்திய அரசு நடத்துது, அஞ்சு ஊர்ல வளாகம் இருக்கு, பெங்களூருல ஒண்ணுன்னு சொல்றாங்க. அப்பா யூனிஃபார்ம்ல இருக்கிறதால கோட்டா உண்டுன்னு ஒரு ட்யூஷன் சென்டர்ல அடிச்சுச் சொன்னாங்க. நிஜமா? சைனிக் ஸ்கூலும் இதுவும் ஒண்ணுதானா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாசறை_ஓய்வு
தம்பி, ஒண்ணு இல்லை. எல்லாரும் ஒரே மூட்டையில கட்டுற மூணு சமாச்சாரம் இருக்கு. தனித்தனியா எழுதுறேன்.

ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல் (ஆர்.எம்.எஸ்.): பாதுகாப்பு அமைச்சகம் நேரடியா நடத்துறது. இமாசலத்தில் சைல், ராஜஸ்தானில் அஜ்மீர், தோல்பூர், கர்நாடகத்தில் பெலகாவி, பெங்களூரு. மூத்தது சைல் பள்ளி. 1922-ல ஜலந்தர்ல ஆரம்பிச்சு, 1960-ல மலைக்கு மேல போனது. அஜ்மீர் 1930, பெலகாவி 1945, பெங்களூரு 1946, தோல்பூர் 1962. சிப்பாய் வீட்டுப் பிள்ளைகள் படிக்கணும்னே தொடங்கின பள்ளிகள். இன்னிக்கும் 70% இடம் ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) வரைக்கும் உள்ள படைவீரர்களோட பிள்ளைகளுக்குத்தான். பணியில் இருந்தாலும் சரி, ஓய்வு பெற்றிருந்தாலும் சரி. மீதி 30%-லதான் அதிகாரிகள் பிள்ளைகளும் பொதுமக்கள் பிள்ளைகளும் மோதணும்.

இந்த 70%-ல தரைப்படை, கடற்படை, விமானப்படை மட்டும்தான் கணக்கு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகம். அதனால உங்க மருமகன் அங்க 'சிவிலியன்'. ட்யூஷன் சென்டர்ல சொன்னது தப்பு.

சைனிக் ஸ்கூல்: இது வேற. சைனிக் ஸ்கூல் சொசைட்டி நடத்துது, மாநில அரசுக்கும் பங்கு உண்டு. நம்ம மாநிலத்துக்கு அமராவதி நகர், 1962-லிருந்து இருக்கு. உடுமலைப்பேட்டை தாண்டி அணைக்குப் பக்கத்துல.

மூணாவது டேராடூன் ஆர்.ஐ.எம்.சி. (ராஷ்ட்ரிய இந்தியன் மிலிட்டரி காலேஜ்). அதுக்கு ஆறாம் வகுப்புச் சேர்க்கையே கிடையாது, எட்டாம் வகுப்புக்குத்தான். அதை யாராவது கேட்டா அப்புறம் எழுதுறேன்.

கோரிப்பாளையம்_கணக்கு
பாசறை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஆர்.எம்.எஸ்.ல மாநில ஒதுக்கீடு கிடையாது, நாடு முழுக்க ஒரே வரிசை. பீகார், ஹரியானா, உத்தரப் பிரதேசத்துல ரெண்டு வருஷமா இதுக்குன்னே விடுதியில உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளோட 30%-க்குள்ள போட்டி. அமராவதி நகர்ல 67% தமிழ்நாட்டுக்காரங்களுக்கு. நூறு இடம்னு வச்சுக்குவோம். 67 நமக்கு. அதுல எஸ்.சி. 15%, எஸ்.டி. 7.5%, ஓ.பி.சி. (கிரீமி லேயர்ங்கிற வசதியான பிரிவு அல்லாதோர்) 27%. ஏறத்தாழ 10, 5, 18. மிச்சம் 34. அந்த மிச்சத்துல கால்வாசி, எட்டு ஒன்பது இடம், முப்படையினர் பிள்ளைகளுக்கு. பாக்கி 25 பொது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே எங்க வாய்ப்பு அதிகம்னு புரிஞ்சிரும். படைவீரர் வீட்டுப் பிள்ளை இல்லைன்னா ஆர்.எம்.எஸ்.ஸை ரெண்டாவது விண்ணப்பமா வச்சுக்கோங்க, முதலாவதா வேண்டாம்.

வயசுல பிரச்சனை இல்ல. ரெண்டுக்கும் ஆறாம் வகுப்புக்கு சேர்ற வருஷம் மார்ச் 31 அன்னிக்கு 10 வயசு முடிஞ்சு 12-க்குள்ள இருக்கணும். 2027 சேர்க்கைன்னா 1.4.2015-லிருந்து 31.3.2017-க்குள்ள பிறந்திருக்கணும். ஒன்பதாம் வகுப்புக்கு 13-15. ஒரு நாள் கூடக்குறைய இருந்தாலும் ஆள் வெளியே, மேல்முறையீடெல்லாம் இல்லை.

திருமங்கலம்_தாய்மாமன்
நன்றி அண்ணே. அப்ப சைனிக் தேர்வு தமிழ்ல எழுதலாமா?

கோரிப்பாளையம்_கணக்கு
எழுதலாம். ஆறாம் வகுப்பு சைனிக் நுழைவுத் தேர்வு 13 மொழியில, தமிழும் அதுல ஒண்ணு. தேசியத் தேர்வு முகமை நடத்துது, ஓ.எம்.ஆர். தாள்ல விடை வட்டத்தைப் பேனாவால கறுப்பாக்குறது. மொத்தம் 125 கேள்வி, 300 மார்க், 150 நிமிஷம்.

கணக்கு 50 கேள்வி, தலா 3, மொத்தம் 150.
மொழி 25, நுண்ணறிவு 25, பொது அறிவு 25. மூணுக்கும் தலா 2, ஆளுக்கு 50.

பாதி மார்க் கணக்குல கிடக்கு. மத்ததுல எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் கணக்குல வழுக்கினா அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியிலும் 25%, மொத்தத்துல 40% எடுக்கணும், எஸ்.சி., எஸ்.டி.க்கு இந்தக் குறைந்தபட்சம் கிடையாது, அவங்களுக்குள்ள தரவரிசை. கணக்குல 25%-னா 13 கேள்வி சரியா இருக்கணும், மொழியில 7. ஆனா இது வாசல்படிதான். 120 எடுத்துட்டு சீட் கிடைக்கும்னு உட்கார்ந்திருக்காதீங்க.

தப்புக்கு மார்க் குறைக்கிறதில்லை. நாலு விடையில ஒண்ணு, அதனால ஒரு வட்டத்தையும் காலியா விடக்கூடாது. கேட்டா எல்லாரும் தெரியும்பாங்க, தாளைப் பார்த்தா பத்துப் பதினஞ்சு காலியா இருக்கும். காரணம், வினாத்தாள்லயே விடையை டிக் அடிச்சு வச்சுட்டு கடைசி பத்து நிமிஷத்துல ஓ.எம்.ஆர்.க்கு மாத்துறது. 10 வயசுப் பிள்ளைக்கு 125 வட்டத்தை அவசரத்துல நிரப்பச் சொன்னா நடுவுல ஒரு வரிசை நழுவும். அதுக்கப்புறம் அத்தனையும் தப்பு. வினாத்தாள்ல ஒரு பக்கம் முடிச்ச உடனே அந்தப் பக்கத்து விடைகளை மாத்திரணும். கணக்குக்கு 80 நிமிஷம், மத்த 75 கேள்விக்கு 55, மிச்ச 15 விட்டதைப் பார்க்க. வீட்டுல அசல் அளவு ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்துப் பழக்கணும். நோட்டுல ஏ, பி, சி எழுதிப் பழகுறது வேலைக்காகாது.

பாடம்: இங்கதான் சமச்சீர்ப் பிள்ளைகள் மாட்டிக்கிறாங்க. தேர்வுல சதவீதம், தனிவட்டி, விகிதம், லாப நஷ்டம், சராசரி, வேகம், கன சதுரத்தோட கன அளவு எல்லாம் வரும். நம்ம புத்தகத்துல விகிதமும் விகித சமமும் ஆறாம் வகுப்புல, சதவீதமும் தனிவட்டியும் ஏழாம் வகுப்புல. அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சாலும் பாதி கேள்வி புதுசாத்தான் தெரியும். ஏழாம் வகுப்பு வரைக்கும் கணக்குப் புத்தகத்தை முன்கூட்டியே முடிச்சிருக்கணும். பள்ளிக்கல்வித் துறை தளத்துல இலவசமா இறக்கிக்கலாம், தனியா கைடு வாங்கத் தேவையில்லை.

பிள்ளைகள் வழக்கமா விழுற குழி ஒண்ணு. போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே தூரம் திரும்பி வரும்போது 40 கி.மீ., சராசரி வேகம் என்ன? பத்துல எட்டுப் பேர் 50-ம்பாங்க. 50-ம் விடை வரிசையில இருக்கும், வேணும்னே வச்சிருப்பான். தூரம் 120-னு வச்சுக்கிட்டா போக 2 மணி, வர 3 மணி. 240-ஐ 5-ஆல வகுத்தா 48. சூத்திரம் மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, தூரத்தை வச்சுப் போடப் பழக்குங்க.

மேலூர்க்காரி
நுண்ணறிவுப் பகுதிக்கு ஏதாவது சொல்லுங்களேன் சார். கண்ணாடி பிம்பம்னாலே என் பொண்ணு குழம்பிடுறா.

கோரிப்பாளையம்_கணக்கு
கடிகாரம்னா படம் போட வேண்டாம்மா. 11:60-லிருந்து கழிக்கச் சொல்லுங்க. கண்ணாடியில 3:20 தெரிஞ்சா நிஜ நேரம் 8:40. எழுத்துன்னா தாளைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துப் பழகட்டும், ரெண்டு வாரத்துல கண்ணு பிடிச்சுக்கும். தண்ணியில தெரியுற பிம்பம் வேற, அதுல மேல கீழ புரளும், இடம் வலம் மாறாது. அதைக் கண்ணாடியோட சேர்த்துச் சொல்லிக் குடுத்தா ரெண்டும் போயிரும். ஒரு வாரம் இடைவெளி விடுங்க.

பொது அறிவுல படைப் பதவிகள் அடிக்கடி வருது. தரைப்படை கேப்டனுக்குச் சமம் கடற்படை லெப்டினன்ட், விமானப்படை ஃபிளைட் லெப்டினன்ட். கடற்படை கேப்டன் ரொம்ப மேல, தரைப்படை கர்னலுக்குச் சமம். இதை அட்டவணையா சுவத்துல ஒட்டி வைங்க.

உசிலை_சான்றிதழ்
தேர்வைப் பத்தி ஆளாளுக்குச் சொல்றீங்க, சீட் கிடைச்சு காகிதத்துல கோட்டை விடுறதைப் பத்தி யாரும் பேசலையே. இ-சேவை மையத்துல தினம் பார்க்குற கூத்து, எழுதுறேன்.

முதல்ல சாதிச் சான்றிதழ். நம்ம கையில இருக்குறது மாநில அரசோட பி.சி., எம்.பி.சி., இல்ல சீர்மரபினர் சான்று. உசிலம்பட்டிப் பக்கம் சீர்மரபினர் சான்றைத்தான் பத்திரமா லேமினேட் பண்ணி வச்சிருப்பாங்க. சைனிக் ஸ்கூல் 27%-க்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்துல ஓ.பி.சி. சான்று தனியா வேணும். இ-சேவையில 'ஓ.பி.சி. சான்றிதழ்'னே தனிச் சேவை இருக்கு. மாநிலப் பட்டியல்ல இருக்குற எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியல்ல இருக்காது. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத் தளத்துல தமிழ்நாட்டுப் பட்டியலைப் பார்த்துட்டு அப்புறம் விண்ணப்பிங்க. துணைப்பிரிவுப் பெயரை அந்தப் பட்டியல்ல எப்படி இருக்கோ அப்படியே போடணும்.

ரெண்டாவது, கிரீமி லேயர். வருமான வரம்பு 8 லட்சம். ஆனா அந்த 8 லட்சத்துல சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. சம்பளக்காரங்களுக்குப் பதவியை வச்சுத்தான் முடிவு: அப்பாவோ அம்மாவோ நேரடி குரூப் ஏ அதிகாரி, இல்ல ரெண்டு பேருமே குரூப் பி, இந்த மாதிரி இருந்தா கிரீமி லேயர். தாய்மாமன் தம்பி கவனிங்க: சி.ஆர்.பி.எஃப். ஹவில்தார் குரூப் சி. சம்பளம் எட்டரை லட்சம் வந்தாலும் அதனால பையன் கிரீமி லேயர் ஆகமாட்டான். கிராம நிர்வாக அலுவலரோ ஆர்.ஐ.யோ சம்பளச் சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினா, 1993 மத்திய அரசு ஆணையோட நகலைச் சேர்த்துக் குடுங்க. சண்டை போட வேண்டாம், காகிதம் பேசட்டும்.

மூணாவது, இருப்பிடம். 67%-ல வரணும்னா தமிழ்நாட்டுக்காரர்னு சான்று வேணும். அப்பா வெளி மாநிலத்துல வேலை, பிள்ளை அங்க படிக்குதுன்னா இதை முதல்லயே எடுத்து வைங்க.

நாலாவது, பெயர். பிறப்புச் சான்றிதழ்ல 'முத்துக்குமரன்', ஆதார்ல 'ம முத்துக்குமரன்', பள்ளிக்கூடத்துல 'முத்துகுமரன் ம'. ஆங்கில எழுத்துல இன்னும் மோசம், ஒரு எச் கூடக் குறைய இருக்கும். விண்ணப்பத்துக்கு முன்னாடியே ஒரே மாதிரி ஆக்குங்க. பிறப்புச் சான்றிதழை அடிப்படையா வச்சு மத்ததைத் திருத்துறதுதான் லேசு. சில சான்றிதழ்ல பிள்ளை பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை'ன்னு மட்டும் இருக்கும். மாநகராட்சியில, ஊர்ப்பக்கம்னா பதிவாளர்கிட்ட, பெயர் சேர்த்துக்கலாம். தேர்வு முடிஞ்ச பிறகு ஓடினா நேரம் போதாது.

பாசறை_ஓய்வு
அருமையா எழுதியிருக்கீங்க உசிலை. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒரு வரி: டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை ரெண்டுலயும் பிள்ளை பெயரும் பிறந்த தேதியும் பதிவாகியிருக்கான்னு பாருங்க. பாதிப் பேருக்குப் பெரிய பிள்ளை பெயர் மட்டும் இருக்கும், ஓய்வுக்கப்புறம் பிறந்தது இருக்காது. சேர்க்கணும்னா ரெக்கார்ட் ஆபீஸ் வரைக்கும் கடிதம் போகணும், மாசக்கணக்காகும். மதுரையில முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா எந்தப் படிவம்னு வழி சொல்லுவாங்க.

மேலூர்க்காரி
பொண்ணுங்களுக்கு எதுலல்லாம் இடம் இருக்கு? பெரியவ எட்டாவது படிக்கிறா, ஒன்பதாம் வகுப்புக்கு ஆர்.எம்.எஸ். போடலாமான்னு பார்க்குறோம்.

பாசறை_ஓய்வு
2021-ல உச்ச நீதிமன்றம் பெண்களை என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுத விடச் சொன்னதுக்கப்புறம் எல்லாக் கதவும் திறந்தாச்சும்மா. ஆர்.ஐ.எம்.சி.ல 2022-லிருந்து பொண்ணுங்க படிக்கிறாங்க. ஆர்.எம்.எஸ்., சைனிக் ரெண்டுலயும் உண்டு.

ஆனா ஒன்பதாம் வகுப்பு ஆர்.எம்.எஸ். யோசிச்சுச் செய்யுங்க. அந்தத் தேர்வுல கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியலோட இந்தியும் இருக்கு. இந்தி எழுதப் படிக்கத் தெரியாம மே மாசம் ஆரம்பிச்சு டிசம்பருக்குள்ள தேத்திரலாம்னு நினைச்சா கஷ்டம். சைனிக் ஒன்பதாம் வகுப்புத் தேர்வுல இந்தி இல்லை: 150 கேள்வி, 400 மார்க், 180 நிமிஷம், அதுல கணக்கு மட்டும் 200. ஆனா ஆங்கிலத்துல மட்டும்தான். ஒன்பதாம் வகுப்புல காலி இடமும் ஆறாம் வகுப்பைவிடக் குறைவு. பொண்ணுங்களுக்கு எந்தப் பள்ளியில எத்தனைன்னு அந்த வருஷத் தகவல் கையேட்டைப் பார்த்துட்டுத்தான் பணம் கட்டணும்.

ஆர்.ஐ.எம்.சி.யையும் சொல்லிடுறேன். வருஷத்துக்கு ரெண்டு சேர்க்கை, ஜனவரி, ஜூலை. சேர்ற அன்னிக்கு வயசு பதினொன்றரைக்கு மேல, 13-க்குள்ள. ஏழாவது படிச்சுக்கிட்டு இருக்கணும், இல்ல முடிச்சிருக்கணும். தேர்வை நம்ம மாநிலத்துல டி.என்.பி.எஸ்.சி. நடத்துது, மையம் சென்னைதான். விண்ணப்பப் படிவத்தை டேராடூனுக்குப் பணம் கட்டி வரவழைச்சு அதைத்தான் நிரப்பணும். ஜெராக்ஸ் படிவம் போட்டா குப்பைக்கூடைக்குத்தான் போகும். நிரப்பினதை டேராடூனுக்கு அனுப்பக்கூடாது, சென்னைக்கு. இதை மாத்தி அனுப்பி வருஷத்தைத் தொலைக்கிறவங்க உண்டு. ஆங்கிலம் 125, கணக்கு 200, பொது அறிவு 75, நேர்முகம் 50. வட்டம் நிரப்புற தேர்வு இல்லை, எழுதணும். ஒரு மாநிலத்துக்கு ஒரு பருவத்துக்கு ஒண்ணு ரெண்டு இடம். நல்லா எழுதுற பிள்ளைக்கு மட்டும் இதுல நேரம் செலவழிங்க.

ஆனையூர்_சந்தேகம்
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாத்தான் ஆபீசர் ஆகலாம்னு ஒரு மூடநம்பிக்கை ஓடுது. எந்தப் பள்ளியில பன்னிரண்டாவது முடிச்சவங்களும் என்.டி.ஏ. எழுதலாம். கணக்கு 300, பொதுத்திறன் 600, அப்புறம் எஸ்.எஸ்.பி.ங்கிற படைத் தேர்வு வாரிய நேர்முகம் 900. நீங்க எந்தப் பள்ளின்னு அதுக்குத் தனி மார்க் கிடையாது. பத்து வயசுப் பிள்ளையை அழ அழ அனுப்பணுமா?

பாசறை_ஓய்வு
நியாயமான கேள்விதான். தனி மார்க் கிடையாது, சரி. ஆனா எஸ்.எஸ்.பி. 900 மார்க்கும் அஞ்சு நாள்ல பேச்சு, குழு வேலை, தடை தாண்டுறது, தீர்மானம் இதையெல்லாம் வச்சுத்தான். ஏழு வருஷம் விடுதியில காலை ஓட்டமும் மேடைப் பேச்சும் பழகின பிள்ளைக்கு அது கை வந்த வேலை. எழுத்துத் தேர்வுல தேறி எஸ்.எஸ்.பி.ல ஆங்கிலம் பேச வராம திரும்புறதுதான் நம்ம பக்கம் அதிகம். மத்தபடி, பிள்ளைக்கு விருப்பமில்லைன்னா அனுப்பக்கூடாதுங்கிறதுல எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. சேர்ந்த பிறகு படையில சேர்ந்தே ஆகணும்னு கட்டாயமும் இல்லை.

வைகை_ஸ்டெத்
மருத்துவப் பரிசோதனை பத்தி. எழுத்துத் தேர்வுக்கு முன்னாடியே ஒரு தடவை பிள்ளையைப் பார்த்துடுங்க. கடைசி நேரத்துல நிறுத்தி வைக்கிற விஷயங்கள் பெரும்பாலும் சின்னதுதான்.

முழங்கால் இடிப்பு: நேரா நிக்கச் சொல்லி ரெண்டு முழங்காலும் லேசா தொடும்போது கணுக்கால் உள் எலும்புகளுக்கு நடுவுல அளவு எடுங்க. பையனுக்கு 5 செ.மீ.க்கு உள்ள இருந்தா கவலை இல்லை. தொடையில சதை அதிகமா இருந்தாலே இந்த இடைவெளி கூடித் தெரியும், எடை குறைச்சா சரியாகலாம்.
தட்டைப் பாதம்: ஈரக் காலோட சிமென்ட் தரையில நிக்கச் சொல்லுங்க. நடுவுல வளைவு விழாம முழுப் பாதமும் பதிஞ்சா எலும்பு மருத்துவர்கிட்டக் காட்டுங்க. நுனிக்கால்ல நின்னா வளைவு வருதாங்கிறதுதான் முக்கியம்.
காது: குறும்பி அடைச்சிருந்தா செவிப்பறையைப் பார்க்க முடியாதுன்னு நிறுத்தி வைப்பாங்க. ஒரு வாரம் முன்னாடியே காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட எடுத்துடுங்க. பட்ஸ் போட்டு நோண்டினா உள்ள தள்ளி அழுத்திடும்.
கண்: நிறக்குருடு சோதனைக்கு இஷிஹாரா அட்டை, அரவிந்த் மாதிரி எந்தக் கண் மருத்துவமனையிலும் அஞ்சு நிமிஷ வேலை. நிறக்குருடுக்குச் சிகிச்சை இல்லை, அதனால ரெண்டு வருஷம் படிக்க வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது நல்லது.
ஆண் பிள்ளைக்கு ரெண்டு விரையும் இறங்கியிருக்கா, விரைவீக்கம் இருக்கா, இதையும் பார்க்கச் சொல்லுங்க. கூச்சப்பட்டு விட்டுடுறாங்க. அறுவை செய்தா சரியாகிறதுதான், ஆனா தழும்பு ஆற நேரம் வேணும்.

தகுதியில்லைன்னு முதல் தடவை எழுதினா மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு வழி உண்டு. தேதியைத் தவற விடாதீங்க.

நெறியாளர்
'உறுதியான சீட்' விளம்பரம் மூணு நீக்கப்பட்டது. எந்த மையத்தாலும் சீட் தர முடியாது. தொடருங்க.

கோரிப்பாளையம்_கணக்கு
இன்னொண்ணு விட்டுப்போச்சு. சைனிக் தேர்வு முடிவு வந்ததோட வேலை முடியலை. மின்-கலந்தாய்வுக்குத் தனியா பதிவு பண்ணணும், பள்ளிகளை வரிசைப்படுத்திப் பூட்டணும். நல்ல மார்க் எடுத்துட்டு 'அவங்களே கூப்பிடுவாங்க'ன்னு உட்கார்ந்திருக்கிற குடும்பம் ஒவ்வொரு வருஷமும் இருக்கு. விண்ணப்பத்துல குடுக்குற கைபேசி எண் வீட்டுல யாராவது தினம் பார்க்குற எண்ணா இருக்கணும், பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைப் போட்டுடாதீங்க.

அந்தப் பட்டியல்ல 'புதிய சைனிக் பள்ளி'ன்னு தனியார் கூட்டுல நடக்குறதும் வரும். கட்டணமும் ஒதுக்கீடும் அமராவதி நகர் மாதிரி இருக்காது. ஒவ்வொண்ணோட கட்டணத்தையும் பார்த்துட்டு வரிசை போடுங்க. அமராவதி நகர்ல தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகை உண்டு, வருமானச் சான்று கையில இருக்கட்டும்.

திருமங்கலம்_தாய்மாமன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அமராவதி நகர் தமிழ் வழியில முதல்ல, ஆர்.எம்.எஸ். ரெண்டாவதுன்னு முடிவு பண்ணிட்டோம். ஆர்.எம்.எஸ்.ல அஞ்சு வளாகத்தையும் எப்படி வரிசைப்படுத்துறது?

பாசறை_ஓய்வு
ஆர்.எம்.எஸ். தேர்வு தமிழ்ல கிடையாது தம்பி, ஆங்கிலம் இல்ல இந்தி. அதுக்கு இப்பவே ஆங்கிலக் கணக்குச் சொற்களைப் பழக்குங்க, அமராவதி நகர்ல சேர்ந்தாலும் பாடம் ஆங்கிலத்துலதான், வீணாகாது.

வரிசை: பெங்களூரு, பெலகாவி, அப்புறம் மத்தது. பெங்களூருக்கு மதுரையிலிருந்து ராத்திரி ரயிலும் இருக்கு, பகல்ல வந்தே பாரத்தும் இருக்கு. பெலகாவிக்குப் பெங்களூருல மாறணும். தோல்பூர் ஆக்ராவுக்கும் குவாலியருக்கும் நடுவுல டெல்லி ரயில் பாதையில இருக்கு, ரெண்டு ராத்திரி ரயில். வெயிலும் நம்ம ஊரைத் தூக்கிச் சாப்பிடும். சைல் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல. கால்கா போய் மலைப்பாதையில ஏறணும். பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன் வந்தா மறுநாள் போய்ச் சேர முடியுமான்னு யோசிச்சு வரிசை போடுங்க. ஆனா பொதுப்பிரிவுல மார்க் விளிம்புல இருந்தா அஞ்சையும் நிரப்புங்க.

மேலூர்க்காரி
அமராவதி நகரை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வரணும்னா எப்படிப் போறது?

உசிலை_சான்றிதழ்
ஆரப்பாளையத்துல பழனி வழி போற கோயம்புத்தூர் பஸ் ஏறி உடுமலையில இறங்குங்கக்கா. இல்லைன்னா கோயம்புத்தூர் ரயில், அதுவும் பழனி, உடுமலை வழிதான். உடுமலை பஸ் ஸ்டாண்டுல அமராவதி அணைக்கு டவுன் பஸ் இருக்கு, முதலைப் பண்ணைன்னு கேட்டாலும் அதே பஸ்தான். முன்கூட்டிப் பள்ளி அலுவலகத்துக்கு போன் போட்டுட்டுப் போங்க, அனுமதி இல்லாம கேட்டுக்குள்ள விடமாட்டாங்க.